ரெஜிஸ்டரை வாசிப்பது ஜிடிபி இல்லை

[திரையில்: கிணற்றடியில் மோட்டர் கொன்ட்ரோலர் பெட்டி, மூடி திறந்தபடி]

முரசுமோட்டையில் ஒரு கமம். தண்ணீர் மோட்டரை இயக்குவது இந்தச் சின்ன போர்ட், அதில் உள்ள சிப் எஸ்டிஎம்32எஃப்103. அதோடு சிப்பை டிபக் பண்ண இணைக்கும் கருவியான ஒரு எஸ்டி-லிங்க், ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கணினி. புரோகிராமில் பிழை தேட உதவும் டிபக்கரான ஜிடிபி ஓடும் மடிக்கணினி கிளிநொச்சி ரவுனில். புரோகிராம் எங்கேயோ சிக்கிவிட்டது. சிப்புக்குள் பெறுமதிகளை வைத்திருக்கும் சிறு இடங்களான ரெஜிஸ்டர்களைப் பார்க்க வேண்டும்.

ஜிடிபி சிப்பைத் தொடுவதே இல்லை. கேள்வி கேட்கும், வந்த பதிலைப் பிரித்துப் படிக்கும். கேள்வி இதுதான்:

[திரையில்: $ஜி#67. ‘ஜி’ உண்மையில் ஒற்றை ஆங்கிலச் சிறிய எழுத்து]

டாலர் குறிக்கும் ஹேஷுக்கும் நடுவிலுள்ள எழுத்துகளின் ஆஸ்கி எண்களைக் கூட்டி, 256ஆல் வகுத்த மீதியை ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) எழுதினால் செக்சம், அதாவது பிழை சரிபார்க்கும் எண். இங்கே ஒரே எழுத்து, அதனால் அதன் எண்ணான 103, ஹெக்ஸில் 67, அப்படியே வருகிறது. இந்தச் செய்திக்குப் பெயர் பக்கெட். அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் மறுமுனை ‘+’ அனுப்பும். ‘-’ வந்தால் ஜிடிபி திரும்ப அனுப்பும்.

மறுமுனையில் இருப்பது ராஸ்பெரி பையில் ஓடும் ஓப்பன்ஓசிடி என்ற புரோகிராம். சிப்போடு உண்மையில் கதைப்பது அதுதான். எஸ்டி-லிங்க் வழியாக, எஸ்டபிள்யூடிஐஓ (டேட்டா), எஸ்டபிள்யூகிளாக், கிரவுண்ட் என்ற வயர்களில். முதலில் டிஎச்சிஎஸ்ஆர் என்ற டிபக் ரெஜிஸ்டரில் எழுதி, சிப்பில் புரோகிராமை ஓட்டும் பகுதியான கோரை நிறுத்துகிறது. பிறகு டிசிஆர்எஸ்ஆரில் வேண்டிய ரெஜிஸ்டரின் எண்ணை எழுதுகிறது: 0 முதல் 15 வரை ஆர்0 முதல் பிசி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) வரை, 16 என்றால் எக்ஸ்பிஎஸ்ஆர் (கோரின் நிலையைக் காட்டுவது). டிஎச்சிஎஸ்ஆரின் 16ஆம் பிட் 1 ஆனதும், பெறுமதியை டிசிஆர்டிஆரில் எடுக்கலாம். கோர் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வழி வேலை செய்யாது.

நிறுத்துவதில்தான் ஆபத்து. ஜிடிபி இணைந்த உடனேயே ஓப்பன்ஓசிடி கோரை நிறுத்திவிடும். நீங்கள் ஒன்றும் அடிக்கத் தேவையில்லை. பின்கள் இருந்த நிலையிலேயே நிற்கும். ரிலே போட்டிருந்தால் போட்டபடி, மோட்டர் ஓடும், கிணற்று மட்டத்தைப் பார்க்க ஆளில்லை. புரோகிராம் சிக்கினால் சிப்பை ரீசெட் பண்ணும் வாட்ச்டோக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். எஸ்டிஎம்32எஃப்1க்கான ஓப்பன்ஓசிடி கொன்ஃபிக் ஃபைல், கோர் நிற்கும்போது வாட்ச்டோக்கும் நிற்கும்படி செட் பண்ணுகிறது. டிபக் பண்ண அது வசதி, மோட்டருக்கு இல்லை. இணைக்க முன் மோட்டர் பிரேக்கரை இறக்கிவிடுங்கள்.

[திரையில்: பதில் பக்கெட், கடைசிப் பகுதி மஞ்சளில்]

பதிலில் 17 ரெஜிஸ்டர், ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 136 ஹெக்ஸ் எழுத்து. பெயர் ஒன்றும் இல்லை, வரிசை மட்டும்தான். பிசி 16ஆவது, ஆகவே 121ஆம் எழுத்திலிருந்து எட்டு எழுத்து: 34010008. சிப்பின் பைட் ஒழுங்கில் வருவதால் பைட் பைட்டாகத் திருப்புங்கள்: 08000134. புரோகிராம் இருக்கும் நினைவகமான ஃபிளாஷ் 08000000இல் தொடங்குவதால் இது நம்பத்தக்க முகவரி. ஒரு ரெஜிஸ்டர் ‘எக்ஸ்’ எழுத்துகளாக வந்தால் அது பூச்சியம் இல்லை, பெறுமதி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இரு பக்கமும் ஒரே வரிசையை வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஓப்பன்ஓசிடி, சிப்பில் என்னென்ன ரெஜிஸ்டர் என்ற டார்கெட் விவரணத்தை எக்ஸ்எம்எல் ஃபைலாகக் கொடுக்கிறது. எக்ஸ்எம்எல் ஆதரவில்லாமல் பில்ட் பண்ணிய ஜிடிபியோ, வேறு புரொசெசருக்கான ஜிடிபியோ இருந்தால் பதிலின் நீளம் பொருந்தவில்லை என்று எரர் வரும். வயரை மாற்றி மினக்கெடாதீர்கள். ஆர்ம் ஜிடிபி அல்லது ஜிடிபி-மல்டிஆர்ச் எடுத்து, போர்டில் உள்ள அதே பில்டின் எல்ஃப் ஃபைலை (புரோகிராமும் டிபக் தகவலும் உள்ள ஃபைல்) ஜிடிபியில் ஏற்றிவிட்டு இணையுங்கள்.

பாதையிலும் இரண்டு விஷயம். ஜிடிபி இணையும் ஓப்பன்ஓசிடியின் 3333ஆம் நெட்வேர்க் போர்ட், புதிய வெர்ஷன்களில் ராஸ்பெரி பைக்குள் மட்டும்தான் திறந்திருக்கும். ரவுனிலிருந்து நேரே கேட்டால் மறுக்கப்படும். எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள், அந்தப் போர்ட்டுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. எஸ்எஸ்எச் டனல், அதாவது பாதுகாப்பான மறையாக்கப் பாதை, போடுங்கள். அடுத்தது, ஜிடிபி பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் வழமையாக 2 செக்கன். மொபைல் சிக்னல் தளம்பும் இடத்தில் ‘செட் ரிமோட்டைம்அவுட் 10’ என்று கூட்டி வையுங்கள்.

[திரையில்: ஃபிரேம் 0, ஃபிரேம் 1 அருகருகே]

கடைசியாக, ‘அப்’ அடித்து மேல் ஃபிரேமுக்கு, அதாவது இந்த ஃபங்ஷனை அழைத்த ஃபங்ஷனுக்கு, போனால் திரையில் வரும் ரெஜிஸ்டர் பெறுமதிகளில் பல சிப்பில் இப்போது இருப்பவை அல்ல. ஃபங்ஷன் அழைப்புகளின் விவரம் இருக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கில் சேமித்ததையும் எல்ஃபில் உள்ள டிபக் தகவலையும் வைத்து ஜிடிபி திரும்பக் கணித்தவை. ஸ்டாக் பழுதாகியிருந்தால் அவையும் பிழைதான். இப்போது ஓடும் ஃபங்ஷனான ஃபிரேம் 0இன் பிசியையும் எஸ்பியையும் (ஸ்டாக்கின் உச்சி முகவரி) முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.