கல்லா பிளாசிடியா நினைவாலயம்: உள்ளே கிடைக்கும் 5 நிமிடத்தில் எதை, எப்படிப் பார்ப்பது?

[காட்சி: புல்வெளி நடுவே தாழ்வான செங்கல் கட்டடம்]

வணக்கம். திரையில் தெரிகிற இந்தச் செங்கல் கட்டடம் இத்தாலியின் ராவென்னா நகரில் இருக்கிறது. சிலுவை வடிவம். நீளவாக்கில் ஏறக்குறைய 12.75 மீட்டர், குறுக்கே 10.25 மீட்டர். சுவரோடு ஒட்டிக் கட்டிய, திறப்பு இல்லாத வளைவுகளைத் தவிர வேறு அலங்காரம் அதிகம் கிடையாது. நடுவில் சதுரமாக எழும்பி நிற்கும் பகுதிக்கு மேலே சாதாரண ஓட்டுக்கூரை. உள்ளே ஒரு குவிமாடம் இருப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

அந்தக் குவிமாடத்திலும், அதைத் தாங்கும் வளைவுகளிலும், சிலுவையின் கைகளான நான்கு சிறகுகளின் கூரையிலும் ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்கள், அதாவது சிறு சில்லுகளைப் பதித்துச் செய்த ஓவியங்கள், இன்றும் நிறைந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்க ஒருவருக்குத் தரப்படும் நேரம் 5 நிமிடம். இடம் சிறியது, வருகிற கூட்டம் பெரியது. கூட்டத்தின் மூச்சுக்காற்றில் வரும் ஈரம் பழைய சாந்துக்கு நல்லதும் அல்ல. அதனால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதுதான். ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் போகிறவர், வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைந்து கண் பழகும் முன்பே வெளியே வந்துவிடுவார். செய்ய வேண்டியதில் பாதியை வாசலுக்கு வெளியிலேயே செய்து முடிக்க வேண்டும்.

[காட்சி: மேற்கு ரோமப் பேரரசின் வரைபடம், ராவென்னாவில் புள்ளி]

முதலில் யார் இந்தக் கல்லா பிளாசிடியா? பேரரசர் முதலாம் தியோடோசியஸின் மகள். 402-இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து ராவென்னாவுக்கு மாற்றிய ஹோனோரியஸ் இவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரர். 410-இல் ஜெர்மானிய இனத்தவரான கோத்தியர்கள் ரோமைச் சூறையாடிய காலத்தில் இவரையும் பிணையாகக் கொண்டு சென்றார்கள். 414-இல் கோத்தியர் மன்னர் அதால்ஃபை மணந்தார். அந்தத் திருமணத்தில் பிறந்த ஆண் குழந்தை பார்சிலோனாவில் இறந்தது. 415-இல் கணவரும் கொலையானார். பின்னர் ரோமானியர்களிடம் திருப்பி அனுப்பப்பட்டு, 417-இல் தளபதி கான்ஸ்டான்டியஸை மணந்தார். அவர் பேரரசராகி 421-லேயே இறந்தார். 425-இல் சிறுவன் மூன்றாம் வாலன்டினியன் அரியணை ஏறியபோது, மகனுக்காக மேற்குப் பேரரசை நடத்தியவர் இந்தத் தாய்தான். அந்த ஆண்டுகளில் ராவென்னாவில் திருச்சிலுவைக்கு ஓர் ஆலயம் கட்டினார். அதன் முன்மண்டபத்தின் தெற்கு முனையில் ஒட்டிக் கட்டிய சிற்றாலயம்தான் நாம் பார்க்கப் போவது. முன்மண்டபம் பின்னாளில் அழிந்துபோனதால் இது இன்று தனித்து நிற்கிறது.

[காட்சி: ராவென்னா ரயில் நிலையம், நடைவழி]

பயணம். போலோன்யாவிலிருந்து வட்டார ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம். ராவென்னா நிலையத்திலிருந்து பியாட்சா தெல் போப்போலோ சதுக்கம் வழியாகப் பதினைந்து, இருபது நிமிட நடை. நினைவாலயம் சான் விட்டாலே பேராலய வளாகத்துக்குள் இருக்கிறது.

இதற்கென்று தனிச்சீட்டு கிடையாது. சான் விட்டாலே, சான்ட் அப்போலினாரே நுவோவோ, பேராயர் அருங்காட்சியகம், நியோனின் திருமுழுக்கு (ஞானஸ்நான) மண்டபம் ஆகியவற்றோடு சேர்ந்த கூட்டுச்சீட்டுதான். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு நுழைவு. கல்லா பிளாசிடியாவுக்கும் திருமுழுக்கு மண்டபத்துக்கும் சீட்டு வாங்கும்போதே நேரம் குறிக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. நடக்கவும் நேரம் பிடிக்கும். இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் விட்டுப் பதிவு செய்தால் சான் விட்டாலேயை அவசரமில்லாமல் பார்க்கலாம். திறக்கும் நேரம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மாறும். போகும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இவை மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ள வழிபாட்டு இடங்கள் என்பதால் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது முறை.

[காட்சி: வெயிலில் நிற்கும் வரிசை]

இப்போது கண். உள்ளே வெளிச்சம் வருவது குறுகிய சன்னல்களில் பொருத்திய, ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல் பலகைகள் வழியாக மட்டும்தான். தேன் நிறத்தில், மிகக் குறைவாக வரும். வெயிலிலிருந்து நேராக நுழைந்தால் முதல் ஒரு நிமிடம் கறுப்பும் சில பொன் பொட்டுகளும்தான் தெரியும். அதனால் வரிசையில் நிற்கும்போதே குளிர்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நுழையும் கணத்தில்தான் கழற்ற வேண்டும். வரிசையில் நின்றபடி கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஏற்பாடு வீண். கண் பழகப் பழக நீலம் மேலெழும்பி வரும். மங்கிய ஒளியில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கருத்துப்போகும், நீலம் ஒப்பீட்டளவில் துலங்கும். இந்த ஆலயத்தின் பின்புலம் முழுக்க அடர்நீலம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

[காட்சி: சில்லுகளின் மிக நெருக்கமான படம்]

உள்ளே எப்படி நகர வேண்டும் என்பது, மொசைக் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

செங்கல் சுவரில் முதலில் முரட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். அதன்மேல் நயமான சாந்து. அது ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தில் கோட்டோவியம் தீட்டி, அதன்மேல் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துவார்கள். சாந்து இறுகுவதற்குள் எவ்வளவு பதிக்க முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டுமே அன்றைக்குப் பூச்சு. சில்லு என்பது பெரும்பாலும் ஒளிபுகா வண்ணக்கண்ணாடி. அடர்நீலத்துக்குக் கோபால்ட் கலப்பார்கள். கண்ணாடிப் பாளத்தை, மரக்கட்டையில் நிமிர்த்திச் செருகிய உளியின்மேல் வைத்து, மேலிருந்து கூர்முனைச் சுத்தியால் தட்டி உடைப்பார்கள். உடைந்த முகம்தான் மேலே வரும். அதில்தான் நிறம் ஆழமாகத் தெரியும்.

பொன் சில்லின் அமைப்பு வேறு. கீழே தடித்த கண்ணாடி, நடுவில் தங்கத் தாள், அதற்கு மேலே மெல்லிய கண்ணாடி உறை. மூன்றும் சூட்டில் ஒன்றாக ஒட்டியவை. மேலுறை உரிந்துபோனால் தங்கமும் அதோடு போய்விடும். அந்தச் சில்லு கருத்த புள்ளியாக நிற்கும். பழைய மொசைக்குகளில் பொன்பரப்புக்கு நடுவே தெரியும் இருண்ட பொட்டுகள் சில இப்படி வந்தவை.

கையால் அழுத்திய சில்லுகள் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். ஆகவே ஒளி ஒரே நேரத்தில் எல்லாச் சில்லிலிருந்தும் உங்கள் கண்ணுக்கு வராது. நீங்கள் ஓரடி நகர்ந்தால் அதுவரை இருண்டிருந்த நட்சத்திரம் எரியும், எரிந்தது அணையும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவருக்கு இந்த மொசைக்கின் பாதி உயிர் தெரியாமலே போகும்.

ஈரம்தான் இதற்குப் பெரிய எதிரி. தரையிலிருந்து செங்கல் வழியாக ஏறும் நீர் உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நீர் உலர்ந்தபின் உப்பு படிகமாகிப் பருத்து, சாந்தைச் சுவரிலிருந்து தள்ளும். சாந்து பிடி விட்டால் சில்லுகள் கொத்துக்கொத்தாக விழும். ராவென்னா தாழ்வான சதுப்புநிலத்தில் கட்டிய ஊர். நிலமும் அமிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. இந்த ஆலயத்தின் இன்றைய தரை, ஆதித் தரைக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது. கட்டியவர்கள் நினைத்ததைவிட நீங்கள் கூரைக்கு அந்த அளவு நெருக்கமாக நிற்கிறீர்கள். தொலைநோக்கி தேவையில்லை. ஆனால் உள்ளே நின்றால் ஆலயம் சற்றுக் குட்டையாகத் தோன்றும். அது கட்டியவர்களின் குறை அல்ல.

[காட்சி: உட்புறம், வாசலிலிருந்து குவிமாடம் வரை மெதுவாக]

உள்ளே போகலாம். நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது.

நீங்கள் நுழைவது வடக்குச் சிறகு. உள்ளே வந்ததும் நிமிர்ந்து தலைக்கு மேலுள்ள வளைகூரையைப் பாருங்கள். நீலத்தில் வெள்ளையும் பொன்னுமாகப் பூ வட்டங்கள், பட்டுச்சேலையின் உடல் முழுக்க ஓடும் பூவேலை போல இடைவெளி தவறாமல். முகங்களோ கதையோ இல்லாததால் கண் பழகுவதற்கு ஏற்ற இடம். இங்கே அரை நிமிடம்.

பிறகு நேராக நடுப்பகுதிக்குச் சென்று குவிமாடத்தைப் பாருங்கள். அடர்நீல வானம், 500-க்கும் மேற்பட்ட பொன் நட்சத்திரங்கள், மையத்தில் கிழக்கை நோக்கிய பொற்சிலுவை. நட்சத்திரங்கள் வட்ட வட்டமாக அமைந்து, மையத்தை நெருங்க நெருங்கச் சிறிதாகின்றன. அதனால்தான் சின்னஞ்சிறு குவிமாடம் அவ்வளவு உயரமாகத் தோன்றுகிறது. நான்கு மூலைகளில் சிங்கம், காளை, கழுகு, மனிதன். இயேசுவின் வாழ்வை எழுதிய நான்கு நற்செய்தியாளர்களின் அடையாளங்கள், முழுக்கப் பொன்னில். இங்கே ஒன்றரை நிமிடம் கொடுங்கள். குறைக்காதீர்கள். மெதுவாக ஒரு முழுச்சுற்று சுற்றி வாருங்கள்.

சுற்றும்போதே குவிமாடத்துக்குச் சற்றுக் கீழே பாருங்கள். இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் எட்டுப் பேர் வெள்ளை ஆடையில் இருவர் இருவராகக் கையுயர்த்தி நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் நீர்க்கிண்ணத்தருகே புறாக்கள். மற்ற நால்வர் கிழக்கு, மேற்குச் சிறகுகளின் கூரையில் பொன் கொடிகளுக்கு நடுவே இருக்கிறார்கள். அதே சிறகுகளின் முனையில், அரைவட்டச் சுவரில், கொடிச்சுருள்களுக்கு இடையே இரண்டு மான்கள் நீர் அருந்துகின்றன. நீரோடைக்காக ஏங்கும் கலைமானைப் பாடும், விவிலியத்தின் 42-ஆம் திருப்பாடலின் காட்சி.

அடுத்து தெற்கு முனை. ஒரு புனிதர் தோளில் சிலுவையும் கையில் திறந்த நூலுமாக விரைந்து வருகிறார். நடுவில் தீ எரியும் இரும்புக் கிராதி. மறுபக்கம் கதவு திறந்த அலமாரியில் நான்கு நூல்கள். மாற்கு, லூக்கா, மத்தேயு, யோவான் என்று லத்தீனில் பெயர் தெளிவாகவே எழுதியிருக்கிறது. புனிதர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 258-இல் ரோமில் உயிர்நீத்த லாரன்ஸ் என்பது பரவலான கருத்து. ஸ்பெயினின் வின்சென்ட் என்போரும் உண்டு. இருவர் கதையிலும் இரும்புக் கிராதி வருகிறது.

கடைசி ஒரு நிமிடத்தை வாசல் பக்கம் திரும்பி நின்று செலவிடுங்கள். நீங்கள் நுழைந்த கதவுக்கு மேலேதான் நல்லாயன், அதாவது ஆடு மேய்ப்பராகக் கிறிஸ்து. நுழையும்போது முதுகுக்குப் பின்னால் இருப்பதால் எளிதாகத் தவறவிடப்படும் படம் இது. தாடியில்லாத இளம் கிறிஸ்து, பொன் அங்கியில் பாறைமேல் அமர்ந்து, ஒரு கையில் நெடிய பொற்சிலுவையைப் பிடித்து, மறு கையால் ஓர் ஆட்டின் வாயருகே தொடுகிறார். இருபுறமும் மும்மூன்றாக ஆறு ஆடுகள். உடம்பு ஒரு பக்கம், கை மறு பக்கம், பார்வை வேறு பக்கம் எனத் திரும்பி அமர்ந்திருக்கும் அந்த இருப்பைக் கவனியுங்கள். நூறாண்டுக்குப் பிறகு வந்த சான் விட்டாலேயில் பேரரசர் படத்தில் உள்ளவர்கள் நேர் எதிரே பார்த்து நிற்பார்கள். இந்த வளைவும் நிழலும் அங்கே அரிது.

[காட்சி: கைபேசித் திரை]

படம் எடுப்பது பற்றி. ஃபிளாஷ் கூடாது. போட்டாலும் பொன் வெள்ளைத் திட்டாகிவிடும். கைபேசியின் இரவுப் பயன்முறை நீலத்தை வெளிறச் செய்துவிடும். அதை அணைத்துவிட்டு, பொன்பகுதியைத் தொட்டு வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள். படத்தின் சட்டகத்துக்குள் சன்னல் வரவேண்டாம். இரண்டு படம் போதும். அசைவில்தான் இதன் அழகு என்பதால் பத்து நொடிக் காணொளி எந்தப் படத்தையும்விட நன்றாக வரும்.

[காட்சி: மூன்று கற்பேழைகள்]

உள்ளே உள்ள மூன்று கற்பேழைகளை, அதாவது கல்லாலான சவப்பெட்டிகளைப் பார்த்து, இவற்றில் ஒன்றில் கல்லா இருக்கிறாரா என்று கேட்பார்கள். எதிரே தெரியும் பெரிய, வேலைப்பாடு இல்லாத பேழை அவருடையது என்பது மரபு. அவர் இங்கே அடக்கமானதாகச் சொல்லப்படுவதை ஒன்பதாம் நூற்றாண்டில் ராவென்னாவின் வரலாற்றாசிரியர் அஞ்ஞெல்லுஸ் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கல்லா 450 நவம்பரில் இறந்தது ரோமில். பார்சிலோனாவில் இறந்த குழந்தையின் உடலை அதே ஆண்டு ரோமுக்குக் கொண்டுவந்து புனித பேதுரு பேராலயத்தருகே அரச கல்லறையில் அடக்கம் செய்திருந்தார். தாயும் அங்கேயே அடக்கமாகியிருப்பார் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. எங்களுக்கும் அதுவே ஏற்புடையது. இது அவர் எழுப்பிய ஆலயம், அவர் பெயர் தாங்கிய நினைவிடம். அதற்கு உடல் உள்ளே இருக்க வேண்டியதில்லை.

இங்கே எல்லாம் ஐந்தாம் நூற்றாண்டுப் பொருளும் அல்ல. சுவரின் கீழ்ப்பாதியை மூடும் மஞ்சள் பளிங்கு பிற்காலத்தில் பதித்தது. அலபாஸ்டர் பலகைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கொடுத்தவை. மொசைக்கிலும் 19-ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்புகள் உண்டு. சில்லுகள் எங்காவது மிக மட்டமாக, ஒரே அளவில், நெருக்கமாக இருந்தால் அந்த இடத்தைச் சற்று ஐயத்தோடு பாருங்கள்.

வெளியே வந்ததும் சான் விட்டாலே சில அடி தூரம்தான். திரும்பி ரயில் நிலையம் போகும் வழியில், வியா தி ரோமா தெருவில், கூட்டுச்சீட்டிலேயே அடங்கிய சான்ட் அப்போலினாரே நுவோவோவைக் கடைசியாக வைத்துக்கொண்டால் நடை மிச்சம். சீட்டை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்; அங்கேயும் வாசலில் காட்ட வேண்டும்.