செயின்ட் லூயிஸ் பீட்சா அவ்ளோ மோசமா? உங்க கேள்விக்கு பதில்

அடுத்து மதுரையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணா, செயின்ட் லூயிஸ் பீட்சான்னா அமெரிக்காக்காரங்களே கிண்டல் பண்றாங்களே, அதுல இருக்கறது சீஸே இல்லைங்கறாங்க, நிஜமாவே அவ்ளோ மோசமா, நம்ம வீட்ல செய்யலாமா"ன்னு.

தெரியாதவங்களுக்கு மொதல்ல சொல்லிடறேன், செயின்ட் லூயிஸ் மிசௌரி மாநிலத்துல மிஸிஸிப்பி ஆத்தங்கரையில இருக்கற ஊரு. அங்க பீட்சா மாவுல ஈஸ்ட் போடறதில்ல, அதனால உப்பாது, அப்பளம் மாதிரி மெல்லிசா மொறுக்குனு உடையும். வட்டமா சுட்டு சதுரம் சதுரமா வெட்டுவாங்க, ஏன்னா முக்கோணமா வெட்டித் தூக்குனீங்கன்னா பாதியில ஒடிஞ்சு மேல இருக்கறதெல்லாம் மடியில கொட்டிரும். 1964ல எட், மார்ஜின்னு ஒரு புருஷன் பொண்டாட்டி ஆரம்பிச்ச ஈமோஸ்ங்கற கடைதான் இதை அந்த ஊரு பூரா கொண்டு போச்சு. அவரு டைல்ஸ் ஒட்டற வேலை பார்த்தவரு, அதான் சதுரமா வெட்டினாருன்னு ஒரு கதை சொல்லுவாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சிகாகோ பார்கள்லயும் மெல்லிசு பீட்சாவ இப்டித்தான வெட்றாங்க, அங்கல்லாம் யாரு டைல்ஸ் ஒட்டினா?

சரி, சண்டையே சீஸுலதான். அதுக்குப் பேரு ப்ரோவெல். செடார், ஸ்விஸ், ப்ரோவலோன் மூணையும் சேர்த்து உருக்கிப் பண்ற ப்ராசஸ்டு சீஸ், லேசா புகை வாசனை அடிக்கும், 1940கள்ல அந்த ஊருக்காகவே வந்தது. பாக்கெட்டுல வெறும் சீஸுன்னு போட முடியாது, ப்ராசஸ்டு சீஸுன்னுதான் போடணும், அதை வச்சுத்தான் சீஸே இல்லன்னு ஓட்றாங்க. அது கொஞ்சம் ஓவர்.

என்னைக் கேட்டா, மொசரெல்லா மாதிரி நூல் நூலா இழுக்கும்னு எதிர்பார்த்துப் போறவங்கதான் திட்டுறாங்க. இது இழுக்கவே கூடாதுங்க, கடிச்சா சுத்தமா அந்து வரணும், அதுக்குன்னே பண்ணதுதான். சூடா இருக்கறப்ப குழகுழன்னு பரவி, கொஞ்சம் இனிப்பா இருக்கற அந்த தக்காளி சாஸோட சேர்றப்ப எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா ஆறிடுச்சுன்னா நானும் உங்க கட்சிதான், பல்லுல ஒட்டிக்கிட்டு வராது. அதனால பார்சல் வாங்கி வீட்டுக்குக் கொண்டு போயி சாப்ட்டுட்டு மோசம்னு சொல்லாதீங்க, கடையிலயே உக்காந்து சாப்பிடுங்க. அப்புறம் வட்டத்த சதுரமா வெட்றதால ஓரத்துல சின்னச் சின்ன கோணல் துண்டா வரும் பாருங்க, சாஸ் கம்மியா, விளிம்பு கருகலா, அதை மொதல்ல எடுத்துருங்க, நடுத்துண்டு சாஸேஜ் கனத்துல கொஞ்ச நேரத்துல நமுத்துப் போயிரும். மைக்ரோவேவ்ல மட்டும் சுட வைக்காதீங்க, தோசைக்கல்லுல போடுங்க.

வீட்ல செய்யறது ஈஸிதான். மைதா, உப்பு, கொஞ்சம் பேக்கிங் பவுடர், எண்ணெய், தண்ணி, அவ்ளோதான், ஊற வைக்கற வேலையே இல்ல, சப்பாத்திக் கட்டையில எவ்ளோ மெல்லிசா முடியுமோ அவ்ளோ மெல்லிசா தேய்ங்க. ஓவன் 230 டிகிரி, பத்து நிமிஷம் கிட்ட ஆகும். ப்ரோவெல் அந்த ஊரு பக்கத்த விட்டா அமெரிக்காவுலயே சரியா கிடைக்காது, நம்மூர்ல கேக்கவே வேணாம். மொசரெல்லா போட்டீங்கன்னா அது வேற பீட்சா ஆயிரும், அதுக்கு நம்ம அமுல் ப்ராசஸ்டு சீஸ் கட்டியே எவ்வளவோ கிட்ட வரும், சிரிக்காதீங்க, துருவிப் போட்டுப் பாருங்க, ஸ்விஸ் சீஸ் கிடைச்சா அதுலயும் கொஞ்சம். புகை வாசனைக்கு லிக்விட் ஸ்மோக் இருந்தா சாஸுல ரெண்டே சொட்டு, அதுக்கு மேல விட்டீங்கன்னா பீட்சாவ யாரும் தொட மாட்டாங்க. ஓரிகானோ மட்டும் தாராளமா போடுங்க.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.