இலையுதிர்காலத்துக்கு என் ஓட்டு

வணக்கம் நேயர்களே.

பிடித்த பருவகாலத்தைப் பற்றிப் பேச வரச் சொல்லி வானொலியில் இருந்து அழைத்தபோது, "எல்லாரும் கோடையைத்தான் சொல்லுவினம், நீங்களாவது வேற ஏதும் சொல்லுங்கோ அக்கா" என்று அந்தத் தம்பி சேர்த்தே சொன்னார். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. என் ஓட்டு இலையுதிர்காலத்துக்கு. செப்ரெம்பர் கடைசியில் இருந்து நவம்பர் முடியும் வரைக்கும் உள்ள ரொறொன்ரோவை, வேறு எந்த மாதத்தைத் தந்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். "எல்லாம் செத்துக்கொண்டு வாற காலம், அதைப் போய்..." என்பார்கள். குளிரை நினைத்துப் பயப்படுவது நியாயம்தான். ஜூன் மாதத்தில் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்த பகல், நவம்பர் முடியும்போது 9 மணி நேரம் சொச்சத்துக்கு வந்துவிடுகிறது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு. வேலையால் வருகிறவர் வெளிச்சத்தைக் காணாமலே வீடு வந்து சேருகிறார். இதெல்லாம் சரி. ஆனால் செத்துப்போகிற காலம் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆண்டிலேயே ஓய்வில்லாமல் வேலை நடக்கிற காலம் இதுதான். மரத்துக்கும் வேலை, மீனுக்கும் வேலை, அணிலுக்கும் வேலை, எனக்கும் வேலை.

முதலில் மரத்தைப் பார்ப்போம். பகல் குறைந்துகொண்டு வருவது மரத்துக்குத் தெரியும். உடனே அது இலையில் இருக்கிற சத்துகளைத் திருப்பி எடுக்கத் தொடங்கிவிடும். இலைக்குப் பச்சை நிறத்தைத் தருகிற பச்சையம் உடைகிறது. நைதரசனில் ஏறக்குறைய பாதியும், பொசுபரசில் ஒரு நல்ல பங்கும் இலையில் இருந்து கிளைக்குத் திரும்பிப் போகின்றன. வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது சிலர் சுவரில் மாட்டிய பல்ப்பையும் கழற்றிக்கொண்டு போவார்களே, மரமும் அந்தச் சாதிதான். எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்து முடிந்த பிறகு, இலைக்காம்பு கிளையைத் தொடுகிற இடத்தில் ஒரு மெல்லிய அடுக்கு வளர்ந்து வழியை அடைக்கிறது. அதற்குப் பிறகு காற்று வந்தால் போதும்.

நாங்கள் படம் பிடிக்கிற நிறமெல்லாம் இந்த வேலைக்கு நடுவே வெளியே தெரிவதுதான். மஞ்சள் நிறம் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தது, பச்சைக்கு அடியில் மறைந்திருந்தது, அவ்வளவுதான். சிவப்பின் கதை வேறு. அதை மரம் இந்த நேரத்தில் புதிதாகச் செய்கிறது. இலையில் தங்கிப்போன சர்க்கரையில் இருந்து அந்தோசயனின் என்ற நிறப்பொருளை உண்டாக்குகிறது. போகப்போகிற இலைக்கு ஏன் இந்தச் செலவு? சத்தை எடுத்து முடிக்கும்வரை வெயில் இலையைச் சுட்டுவிடாமல் மறைப்புப் போடுவதற்காக என்பது ஒரு விளக்கம். அறிஞர்கள் இதில் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத அளவு குளிரும் தொடர்ந்து வந்த ஆண்டில் சிவப்பு தூக்கலாக இருக்கும். மூடிக்கொண்டு மழை பெய்கிற ஆண்டில் மங்கல்தான். நவராத்திரிக்குக் கோயிலுக்குப் போகிற வழியில் மேப்பிள் மரங்களைப் பார்த்து, அந்த ஆண்டு எப்படி என்று நான் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன்.

ஊரில் இலை கொட்டவில்லையா என்ன? மாசி, பங்குனியில் வேம்பு கொட்டும். ஈர்க்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டி முடித்து நிமிர்வதற்குள் பின்னால் இன்னொரு பாய் விரித்திருக்கும். அங்கே அதற்குக் காரணம் தண்ணீர்த் தட்டுப்பாடு. இங்கேயும் அடிப்படைக் காரணங்களில் ஒன்று அதுதான் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிலம் உறைந்துவிட்டால் வேர் தண்ணீரை இழுக்க முடியாது. அகலமான இலைகளை வைத்துக்கொண்டிருந்தால் அவை நீரை ஆவியாக விட்டு மரத்தைக் காயவைத்துவிடும். வெயிலில் வேம்பு செய்கிற கணக்கைப் பனியில் மேப்பிள் செய்கிறது.

நிறம் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் எல்லாரும் அல்கொன்குயின் பார்க்கைத்தான் சொல்வார்கள். 1893-இல் தொடங்கிய பழைய பூங்கா, அழகான இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செப்ரெம்பர் கடைசி வாரத்தில் மூன்று மணி நேரம் கார் ஓடிப் போனால், அங்கே மரத்தைவிட அதிகமாகக் காரைத்தான் பார்க்க வேண்டும். இலை மஞ்சளா சிவப்பா என்று யோசிக்கிற நேரத்தில் பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் இருக்கிறவருக்கு இந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் எண்ணம். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 2015-இல் சட்டப்படி உருவான பூங்கா, உள்ளே போக நுழைவுக் கட்டணமும் இல்லை. அதுவும் தூரம் என்றால் ஹைலண்ட் கிறீக் என்ற ஓடை இருக்கிறது. மோர்ணிங்சைட் பார்க்கில் எங்கள் ஆட்கள் கோடையில் இறைச்சி வாட்டுகிற அதே இடந்தான். கோடையில் அந்த ஓடையைத் திரும்பியும் பார்க்க மாட்டோம். ஒக்ரோபரில் போய்ப் பாருங்கள்.

சமன் மீன் ஏறும். சினூக் என்கிற இனம், ஒரு மீற்றர் நீளம்வரைகூட வளரும். ஒன்ராறியோ ஏரியில் மூன்று நான்கு ஆண்டு வளர்ந்த மீன், தான் பிறந்த ஓடையின் மணத்தைப் பிடித்துக்கொண்டு அதே ஓடைக்குத் திரும்பி வருகிறது. முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லாத இடங்களில் முதுகு வெளியே தெரியக் கல்லில் உரசிக்கொண்டு ஏறுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். முதலில் தெரிவது சத்தம்தான். யாரோ தண்ணீரில் பலகையால் அடிப்பது மாதிரி இருக்கும். கிட்டப் போனால், பெண்மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் சரளைக் கல்லைக் கிளறிப் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கும். வால் நுனி தேய்ந்து வெள்ளையாகப் போயிருக்கும். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு அது சாப்பிடுவதையே விட்டுவிடுகிறது. உடம்பில் இருக்கிற கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் இவ்வளவும் செய்கிறது. முட்டை போட்டுச் சில நாளில் செத்துவிடும். கரையில் ஒதுங்கிய மீனைக் கடற்காகம் கொத்தும், இரவில் ரக்கூன் வந்து இழுக்கும். நாற்றம் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இது ஏன், அது ஏன் என்று கேள்வி வரும், பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

இந்தச் சினூக் மீன்கள் இந்த ஏரிக்குச் சொந்தமானவை அல்ல என்பது பலருக்குத் தெரியாது. இங்கே முன்பு இருந்தது அத்திலாந்திக் சமன். ஆறுகளை மறித்து ஆலைகளுக்கு அணை கட்டினார்கள், கரைக் காடுகளை வெட்டினார்கள், கணக்கில்லாமல் பிடித்தார்கள். 1898 அளவில் ஒன்ராறியோ ஏரியில் அந்த மீன் இல்லாமலே போய்விட்டது. பசிபிக் பக்கத்துச் சினூக்கை 1960-களின் கடைசியில் இருந்து தொடர்ந்து கொண்டுவந்து விட்டார்கள். வேறொரு கடலில் இருந்து வந்த மீன் இங்கேயே முட்டை போட்டு, அந்தக் குஞ்சுகள் ஹைலண்ட் கிறீக்கைத் தங்கள் ஊர் என்று நினைத்துத் திரும்பி வருகின்றன. ஸ்காபரோவில் யார்தான் அப்படி இல்லை?

இனி என்னுடைய வேலைக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம். கத்தரி, பயற்றை, பாகல், மிளகாய், தக்காளி, எல்லா வீட்டிலும் இருக்கிற அதே சாமான்கள்தான். ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பிறகு நான் மற்றச் செய்திகளைக் காதில் போடுவதில்லை, வானிலையை மட்டும்தான் கேட்பேன். இன்றிரவு உறைபனி என்று சொல்லிவிட்டால் வீடு முழுக்கப் பரபரப்பு. டோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு மனுசன் நிற்க, நான் மிளகாய்ச் செடியை வேரோடு பிடுங்கி உள்ளே கொண்டுபோய்த் தலைகீழாகத் தொங்கவிடுவேன். காய்களை ஆற அமர ஆய்ந்துகொள்ளலாம். பாதியை மோர்மிளகாய் போட்டுவிடுவேன். வெயில் இல்லாத ஊரில் அதை எப்படிக் காயவைப்பது என்று கேட்காதீர்கள், வீட்டுச் சூடாக்கியின் காற்று வருகிற துவாரத்துக்கு மேலே சுளகை வைத்தால் காயும். வீட்டில் மணம் நிற்கும். பிள்ளைகள் அதற்குத் திட்டுவார்கள், திட்டிவிட்டுச் சோற்றோடு அதையே கேட்பார்கள்.

பழுக்காத தக்காளியை வீணாக்க வேண்டாம். பச்சைத் தக்காளியில் பால்கறி வைக்கலாம், அல்லது ஒரு ஆப்பிளோடு கடதாசிப் பையில் போட்டுக் கட்டி வைத்தால், ஆப்பிளில் இருந்து வருகிற எத்திலீன் வாயு அதைப் பழுக்க வைத்துவிடும். அப்புறம் கறிவேப்பிலைச் சாடியும் முருங்கைச் சாடியும். உறைபனி வரும்வரை காத்திராமல், இரவில் 10 பாகை அளவுக்குக் குளிர் இறங்கும்போதே அவற்றை உள்ளே தூக்கிவிட வேண்டும். கறிவேப்பிலை உள்ளே வந்ததும் கோபத்தில் இலையைக் கொட்டும். பயப்படாதீர்கள், தண்ணீரைக் குறைத்து யன்னலோரம் வைத்தால் மாசி, பங்குனியில் தளிர்க்கும்.

எங்கள் அடுத்த வீட்டில் இத்தாலியர் ஒருவர் இருக்கிறார், வயதானவர். அவருக்கு ஒரு அத்திமரம். ஒவ்வொரு நவம்பரிலும் அதற்கு அவர் செய்கிற பணிவிடையை வேலியோரம் நின்று பார்ப்பேன். கிளைகளைக் கயிற்றால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவார். ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, மரத்தை மெதுவாக மற்றப் பக்கம் சாய்த்து, நீளமாகத் தோண்டிய பள்ளத்துக்குள் படுக்கவைப்பார். மேலே பலகை, பலகைக்கு மேலே சருகு, அதற்கு மேலே மண். சித்திரையில் தோண்டி எடுத்து நிமிர்த்திவிடுவார். ஆவணி, புரட்டாதியில் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு அத்திப்பழம் வரும், எங்களிடம் இருந்து பாகற்காய் போகும். பாகற்காயை அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. இந்த நகரத்தில் அவருடைய ஊர்க்காரர்கள் பலர் இப்படித்தான் அத்தியைப் புதைக்கிறார்கள். எங்கள் முருங்கைக்கும் அவருடைய அத்திக்கும் ஒரே பிரச்சினைதான், தீர்வுதான் வேறு.

நன்றி நவிலல் நாள், ஹலோவீன் இவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, பிள்ளைகள் உள்ளவர்களுக்கு எல்லாம் தெரியும். ஒன்று மட்டும். நவம்பர் முதலாம் தேதி கடைகளில் பூசணி மலிந்து கிடக்கும். முகம் வெட்டுகிற பெரிய பூசணியில் ருசி இல்லை. பக்கத்தில் சின்னதாக உருண்டு கிடக்கிறதே, அதை வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் வெட்டுத்தூளும் போட்டால் ஊர்ப் பூசணிக் கறிக்குக் கிட்ட வரும்.

நிறமெல்லாம் விழுந்து முடிந்த நவம்பரை யாரும் விரும்புவதில்லை. எனக்கு அதுவும் பிடிக்கும். கோடை முழுக்க மறைந்திருந்த குருவிக் கூடுகள் அப்போதுதான் கண்ணில் படும். நம் தெரு மரத்தில் இவ்வளவு கூடு இருந்ததா என்று வாயைப் பிளக்க வேண்டியிருக்கும். ஓக் மரங்களில் சில, காய்ந்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டு பனிக்காலம் முழுக்கச் சலசலத்துக்கொண்டே நிற்கும். கறுப்பு அணில்கள் ஓக் கொட்டையை ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டு ஓடும். கறுப்பு என்றாலும் அவை சாம்பல் அணிலின் இனம்தான். புதைத்ததில் எடுக்க மறந்தது அடுத்த ஆண்டு மரக்கன்றாக முளைக்கும். என் பூச்சாடிக்குள் முளைத்த ஓக் கன்றுகளுக்கு நான் வேறு யாரைக் குற்றம் சொல்வது?

இந்தக் காலத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, இலையை ஊதித் தள்ளுகிற மெஷின். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுக்க அந்தச் சத்தம்தான். ஊதிய இலை பக்கத்து வீட்டுப் புல்லுக்குப் போகும், பின்னேரம் காற்றடித்தால் திரும்பி வரும். வாருகோலால் வாரினால் உடம்புக்கும் நல்லது, அக்கம்பக்கத்தோடு இரண்டு வார்த்தையும் பேசலாம். வாரிய இலை அவ்வளவையும் கடதாசிப் பையில் கட்டித் தெருவில் வைத்துவிடாதீர்கள், ஒரு பையையாவது தோட்டத்துக்கு மிச்சம் பிடியுங்கள். உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு, நடுவதற்கு அது வேண்டும்.

ஆமாம், உள்ளியை இப்போதுதான் நட வேண்டும். ஒக்ரோபர் நடுவில் இருந்து நிலம் உறைவதற்குள் நட்டுவிட்டால் ஆடியில் கிண்டலாம். வெளிநாட்டில் இருந்து வருகிற உள்ளி இந்தக் குளிருக்குப் பழகாதது, ஆகவே ஒன்ராறியோவில் விளைந்ததையே வாங்குங்கள். பல்லுப் பல்லாகப் பிரித்து, தோலை உரிக்காமல், கூர்ப்பக்கம் மேலே இருக்க இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். பல்லுக்குப் பல் அரை அடி இடைவெளி. மேலே அந்தச் சருகைத் தடிப்பாகப் போட்டு மூடிவிடுங்கள். அணில் கிண்டினாலும் உள்ளி மணத்துக்குத் தின்னாமல் விட்டுவிடும், அந்தப் பயம் வேண்டாம். என்னுடையது இன்னும் ஊன்றவில்லை, சனிக்கிழமை மழை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்குத்தான்.

இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.