பரு கிரீம் முகத்தை எரிக்கிறதா? இரண்டாவது வாரத்தில் நிறுத்துவதற்கு முன் இதைப் பாருங்கள்!

பரு கிரீம் வாங்கி, பத்து நாள் போட்டு, மூக்கோரம் தோல் உரிந்ததும் "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று டியூபைத் தூக்கிப் போட்டவரா நீங்கள்? அந்த டியூபைத் தேடி எடுத்து வாருங்கள். பிராண்டின் பெயரை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயரும், பக்கத்திலேயே ஒரு சதவீதமும் இருக்கும். இன்றைக்கு முழுக்க அந்த இரண்டையும் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். தோலின் துளை அடைபடுகிறது, எண்ணெய் தேங்குகிறது, பாக்டீரியா பெருகுகிறது, வீங்குகிறது. அதுதான் பரு. ரெட்டினாய்டு வகை மருந்துகள் அடைப்பைத் தடுக்கும். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்லும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ஒரு முகம், நடுவில் ஒரு கோடு]

ஒரு கிரீம் இன்னொன்றைவிட அதிகம் எரிகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் தோல் வேறு, என் தோல் வேறு. நீங்கள் தாங்குவதை நான் தாங்க மாட்டேன். இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு அவ்வளவு பிடிக்கும்: ஒரே முகத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். இடது கன்னத்துக்கு ஒரு மருந்து, வலது கன்னத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் அதே வெயில், அதே தூக்கம், அதே சோப்பு. எந்தப் பக்கம் எது என்று சோதிப்பவருக்குச் சொல்வதில்லை. சிவப்பு, வறட்சி, செதில், எரிச்சல் என்று நான்கையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவது வழக்கம். முதல் மூன்றும் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். எரிச்சலை மட்டும் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

இப்படி வாரா வாரம் மதிப்பெண் போட்டுக்கொண்டே போனால், ரெட்டினாய்டுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான் வருகிறது. முதல் இரண்டு வாரம் எரிச்சல் ஏறும். நான்காவது வாரத்தை ஒட்டி இறங்கத் தொடங்கும். ஆனால் பரு நன்றாகக் குறைவது தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நாம் எங்கே விட்டுவிடுகிறோம் என்று பாருங்கள்! எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போது, பலன் இன்னும் தலைகாட்டாதபோது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் பழகியிருக்கும் தோல் அது.

அதனால்தான் எதில் ஆரம்பிக்கிறோம் என்பது முக்கியம். ரெட்டினாய்டில் மூத்தது ட்ரெட்டினாயின். 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடபலீன் 1996-இல் வந்தது. ஐந்து சோதனைகளில் கலந்துகொண்ட 900 பேரின் முடிவுகளைச் சேர்த்து 1998-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு 0.1 சதவீத அடபலீன் ஜெல், இன்னொரு குழுவுக்கு 0.025 சதவீத ட்ரெட்டினாயின் ஜெல். பருவைக் குறைப்பதில் இரண்டும் சமம். தோல் தாங்கியது அடபலீனைத்தான். முதல் முறை போடுகிறவருக்கு என் ஓட்டு அதற்கே. இதே வகையில் இன்னொன்றான டசரோட்டீன் நன்றாக வேலை செய்யும், ஆனால் எரிச்சலும் கூடவே வரும்.

அடுத்து பென்சாயில் பெராக்சைடு. 2.5, 5, 10 என்று மூன்று அளவில் கிடைக்கும். கை தானாக 10-க்குத்தான் போகும், இல்லையா? போகாதீர்கள். 1986-இல் வெளியான ஒப்பீட்டில், சிவந்து வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம் மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய ஈடுகொடுத்தது. 10 சதவீதத்தில் சிவப்பும் உரிதலும் எரிச்சலும்தான் கூடின. துண்டிலும் தலையணை உறையிலும் இது பட்ட இடம் வெளுத்துப்போகும். சாயத்தையே எடுக்கிற சரக்கு என்பது ஞாபகம் இருந்தால், கூடுதலாகத் தேய்க்கக் கை வராது. வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அசலெய்க் ஆசிட் ஆரம்பத்தில் சுருக்கென்று குத்தும், அரிக்கும், கரும்புள்ளிக்கும் உதவும். சாலிசிலிக் ஆசிட் சாது, பலனும் மிதம். கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் அதிகம் எரிக்காது, ஆனால் தனியாகப் போட்டால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும்.

மாநிறம், கருநிறத் தோல் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். தழும்பு விடுவது பரு மட்டும் இல்லை. மருந்தால் வரும் எரிச்சலும் கரும்திட்டாக மாதக்கணக்கில் நிற்கும். "எரிந்தால்தான் வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கழுவியதும் ஈரம் நன்றாகக் காயட்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் வேண்டாம். முதலில் உரிவது அங்கேதான். ரெட்டினாய்டை முதல் சில வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் போடுங்கள். அடியில் மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளலாம். பகலில் சன்ஸ்கிரீன். கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்குத் திட்டமிட்டால், ரெட்டினாய்டு பக்கமே போகாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், லேசாகக் காந்துவது வேறு, ஒவ்வாமை வேறு. இமை வீங்கினால், தாங்க முடியாமல் அரித்தால், கொப்புளம் வந்தால், அன்றைக்கே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். அதில் பொறுமைக்கு வேலையில்லை.

டியூப் கையில் இருக்கிறதா? மருந்தின் பெயர், சதவீதம், எத்தனையாவது வாரத்தில் நிறுத்தினீர்கள், இந்த மூன்றையும் கமென்ட்டில் எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.