கோலில்லா டிராவுக்கு எதற்குப் புள்ளி?

நேயர்களே, வணக்கம்.

ஒரு லீக் ஆட்டத்தின் எண்பதாவது நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. பந்து ஒரு தடுப்பாட்டக்காரரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது, அங்கிருந்து கோல்கீப்பருக்கு, மறுபடி கிளம்பிய இடத்துக்கே. எதிரணியும் ஓடிவந்து பறிக்க மெனக்கெடுவதில்லை. ஆளுக்கொரு புள்ளி கைக்கு வந்தாயிற்று, அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. பல வருஷமாகக் கால்பந்து பார்த்துவரும் எனக்கு, இந்த விளையாட்டில் தாங்கமுடியாத பத்து நிமிடம் என்றால் இதுதான். ஆட்டக்காரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சும்மா இருந்தாலே ஒரு புள்ளி என்று விதி சொல்லும்போது அவர்கள் சும்மா இருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த விதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1888-இல் இங்கிலாந்தில் 12 அணிகளோடு லீக் பிறந்த காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1 என்று வைத்தார்கள். கணக்கு எளிது. பத்து ஆட்டத்தையும் டிரா செய்த அணிக்குப் பத்துப் புள்ளி. ஐந்தில் வென்று ஐந்தில் தோற்ற அணிக்கும் அதே பத்து. அப்படியிருக்க, துணிந்து ஆடியவனுக்கு என்ன லாபம்? தொண்ணூறு ஆண்டுக்கு மேல் இந்தக் கணக்கே ஓடியது. முன்னாள் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ஜிம்மி ஹில் முன்வைத்த யோசனையை ஏற்று, 1981-இல் வெற்றிக்கு 3 புள்ளி என்று இங்கிலாந்து மாற்றியது. இப்போது ஐந்து வெற்றிக்குப் பதினைந்து, பத்து டிராவுக்குப் பத்துதான். 1994 உலகக்கோப்பையில் இந்த முறை வந்தது. அடுத்தடுத்து இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி லீக்குகளும் இதற்கு மாறின.

மாற்றம் தேவைப்பட்டதற்கு 1990 உலகக்கோப்பை ஒன்றே போதும். 52 ஆட்டத்தில் 115 கோல். இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, எகிப்து இருந்த பிரிவில் ஆறு ஆட்டத்தில் ஐந்து டிரா. அயர்லாந்துக்கும் நெதர்லாந்துக்கும் எல்லாக் கணக்கும் சமமாகி, யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அயர்லாந்து கடைசிவரை ஒரு ஆட்டத்தில்கூட வெல்லாமல், ருமேனியாவைப் பெனால்டியில் தாண்டி, கால் இறுதிக்கே போய்விட்டது. நான்கு வருஷம் கழித்து அமெரிக்காவில் அதே 52 ஆட்டத்தில் 141 கோல்.

இந்த 141-ஐ மூன்று புள்ளி விதியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. நடுவில் 1992-இல் இன்னொரு விதி வந்தது: சொந்த அணிக்காரர் காலால் தள்ளும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது. அதற்கு முன்பு எப்படி இருந்தது என்று பழைய ஆட்டப் பதிவுகளில் பாருங்கள். முன்னிலையில் இருக்கும் அணியின் தடுப்பாட்டக்காரர் பந்தைப் பின்னால் தள்ளுவார். கோல்கீப்பர் குனிந்து அள்ளி மார்போடு அணைத்துக்கொள்வார். நிதானமாக நிமிர்ந்து, பக்கத்தில் நிற்கும் அதே ஆளுக்கு உருட்டிவிடுவார். எதிரணி முன்கள ஆள் நெருங்கியதும் பந்து மறுபடி கீப்பர் கைக்கே போகும். ஒரே விதியில் இந்தக் கண்ணாமூச்சி முடிந்தது. புள்ளி விதி, பயிற்சியாளர் முந்தைய நாள் போடும் திட்டத்தைத்தான் தொடுகிறது. இந்த விதியோ பந்து காலில் இருக்கும் அந்த நொடியையே தொட்டது. புள்ளி விதியும் அப்படி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உறைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மூன்று புள்ளியில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருக்கும் அணி ஒரு கோல் வாங்கினால், பழைய கணக்கில் ஒரு புள்ளி போகும், இப்போது இரண்டு. ஆகவே முன்னிலை கிடைத்த மறுநிமிடமே கதவைச் சாத்தத்தான் அந்த அணிக்குத் தோன்றும். லூயிஸ் காரிகானோ, இக்னாசியோ பலாசியோஸ் உவெர்த்தா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஸ்பெயின் லீக்கை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அணிகள் முன்கள ஆட்டக்காரர்களை அதிகம் இறக்கின. கூடவே எதிரியின் ஆட்டத்தைக் குலைக்கும் ஃபவுல்களும் பெருகின. முன்னிலை பெற்ற அணி தடுப்பாட்டக்காரரைக் கூடுதலாக இறக்கிக் காவல் போட்டது. மொத்தத்தில் கோல் கூடவில்லை.

சரி, கோலுக்கே புள்ளி கொடுத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். வட அமெரிக்காவின் பழைய தொழில்முறை லீக்கில் வெற்றிக்கு 6 புள்ளி. அதன்மேல் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் ஒன்று, மூன்று கோல் வரை. நான்குக்கு மூன்று என்று தோற்றவனும் மூன்று புள்ளியோடு வீடு திரும்பலாம். பிரான்ஸும் 1970-களில் சில பருவம் ஊக்கப்புள்ளி கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தியது. எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை. நோஞ்சான் அணி கிடைத்த அன்று அள்ளிக்கொள்ளத்தான் அது உதவும்.

கோலின் மதிப்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994 ஜனவரியில் பார்படாஸும் கிரெனடாவும் ஆடிய கரீபியன் கோப்பைத் தகுதி ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். டிரா ஆனால் கூடுதல் நேரம், அதில் முதல் கோல் அடிப்பவருக்கு வெற்றி, அந்தக் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்று விதி. பார்படாஸ் அடுத்த சுற்றுக்குப் போக இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். இரண்டுக்குப் பூஜ்யம் என்று இருந்த ஆட்டத்தில், 83-ஆவது நிமிடம் கிரெனடா ஒன்று அடித்துவிட்டது. நேரம் ஓடுகிறது. மூன்றாவது கோலைத் தேடுவதைவிட ஆட்டத்தைச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்கு இழுப்பது மேல் என்று பார்படாஸுக்குத் தோன்றியது. 87-ஆவது நிமிடம், தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்தார்கள். வேண்டுமென்றே ஒரு சேம் சைடு கோல்! கிரெனடாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டுக்கு மூன்று என்று தோற்றாலும் அவர்கள் தகுதி பெறுவார்கள். ஆக, அவர்கள் எந்தப் பக்கத்து வலையிலாவது ஒரு கோல் போட்டுவிடத் துடிக்க, பார்படாஸ் ஆட்கள் மைதானத்தின் இரு முனையிலும் நின்று காவல் காத்தார்கள். கூடுதல் நேரத்தில் கோல் அடித்து, நான்குக்கு இரண்டு என்று வென்றது பார்படாஸ். விதியை யாரும் மீறவில்லை. அந்த மைதானத்தில் பணம் கொடுத்து உட்கார்ந்திருந்த மனிதரின் நிலையை யோசித்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது.

டிராவானால் பெனால்டி, அதில் வென்றவருக்கு இன்னொரு புள்ளி என்ற முறையும் சில போட்டிகளில் இருக்கிறது. அமெரிக்க, மெக்சிகோ லீக்குகள் சேர்ந்து 2023-இல் நடத்திய லீக்ஸ் கோப்பையில் அப்படித்தான். கடைசியில் ஒரு படபடப்பு கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொண்ணூறு நிமிடமும் கட்டையைப் போட்டுவிட்டுப் பெனால்டிக்குக் காத்திருக்கும் அணியை அது திருத்தாது. சோவியத் லீக் 1978-இல் வேறு மாதிரி யோசித்தது: ஒரு பருவத்தில் எட்டு டிராவுக்குத்தான் புள்ளி, ஒன்பதாவதிலிருந்து ஒன்றும் கிடையாது. எண்ணம் நல்லதுதான். ஆனால் நல்ல டிராவையும் கெட்ட டிராவையும் அது ஒரே தராசில் போட்டது. மூன்றுக்கு மூன்று என்று முடியும் ஆட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. கோல் விழாத டிராவுக்கு இரு அணிக்கும் புள்ளி வேண்டாம். கோல் அடித்து டிரா செய்தால் இப்போதுபோல ஆளுக்கொன்று இருக்கட்டும். எண்பதாவது நிமிடத்தில் இரு அணியின் கையும் வெறுமையாக இருந்தால், பந்தைப் பின்னால் தள்ளுவதில் யாருக்கும் லாபமில்லை. இழக்க எதுவுமே இல்லாதவன் முன்னால் ஓடித்தான் ஆகவேண்டும்.

இதற்கு வரும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். இரண்டு அணியும் பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கொரு கோல் போட்டால்? 1982 உலகக்கோப்பையில் மேற்கு ஜெர்மனி ஒரு கோல் அடித்ததும், அந்த ஸ்கோரே ஆஸ்திரியாவுக்கும் போதும் என்பதால் இரு அணியும் ஆட்டத்தை உறங்கவைத்தன, அல்ஜீரியா வெளியே போனது. கடைசிப் பிரிவு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. லீக்கின் கடைசி வாரங்களில் அந்தக் காவல் இதற்கும் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று ஆனபிறகு மறுபடி உறங்கலாம், முன்னிலை அணியின் பூட்டும் இதனால் திறக்காது. அதையெல்லாம் மறுக்கவில்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. பலமான அணியின் மைதானத்தில், சின்ன அணியின் கோல்கீப்பர் விழுந்து விழுந்து பந்தைத் தடுத்துக் காப்பாற்றும் கோலில்லா ஆட்டங்கள் உண்டு. எழுந்து நின்று கைதட்ட வேண்டிய ஆட்டம் அது. அந்த ஒரு புள்ளியையும் பிடுங்குகிறோமே என்று மனசு கேட்கிறது. இருந்தும் சொல்கிறேன், அந்த ஒரு இரவுக்காக ஒரு பருவத்தின் அத்தனை தூங்குமூஞ்சி ஆட்டங்களையும் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

பெரிய லீக்குகள் உடனே கை வைக்கத் தேவையில்லை. இரண்டாம் நிலை லீக் ஒன்று ஒரு பருவம் மட்டும் முயன்று பார்க்கட்டும். கோல்களை மட்டும் எண்ணாமல், எழுபத்தைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு எத்தனை முறை பந்து எதிரணிப் பெனால்டி பகுதிக்குள் போனது, எத்தனை முறை சொந்தக் கோல்கீப்பரிடம் திரும்பியது என்று எண்ணட்டும். இரண்டாவது எண் குறையவில்லை என்றால், இந்த யோசனையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.