அகலமாய் ஒரு தாழி

நேயர்களுக்கு வணக்கம். புறநானூற்றின் 256ஆம் பாட்டு ஏழே வரி. பாடியவர் பெயர் தெரியவில்லை. கணவனை இழந்தவள் குயவரிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு பல்லி வண்டி போகுமிடமெல்லாம் போகும் இல்லையா, அப்படி இவனோடு பல சுரம், அதாவது வறண்ட காட்டுவழி, கடந்து வந்தவள் நான். எனக்கும் இரங்கி, இறந்தவரை இட்டுப் புதைக்கும் தாழியை நானும் அடங்கும்படி அகலமாக வனை என்கிறாள்.

அழுகைப் பாட்டுதான். ஆனால் குயவருக்கு அது ஒரு வேலை உத்தரவும்கூட. உயரம் கேட்கவில்லை, அகலம் கேட்கிறாள். மண்ணில் கஷ்டமே அகலம்தான்.

சோற்றுப் பானையைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் எடுத்துவிடலாம். மூன்றடித் தாழி அப்படி நிற்காது, தன் பாரத்திலேயே உட்கார்ந்துவிடும். மணல் கலந்த களிமண்ணில் அடிப்பாகத்தை முதலில் செய்து, அரை ஈரமாக உலரவிட்டு, மேலே மண்ணைத் திரித்துச் சுற்றி ஏற்றி, உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே பலகையால் தட்ட வேண்டும். ஈரம் மிஞ்சினால் வயிறு சரியும். காய்ந்துபோனால் ஒட்டு பிடிக்காது, சூளையில் அந்த இடத்தில் வளையமாக வெடிக்கும்.

வயிறு அகல அகலச் சுவர் வெளியே சாய்கிறது. மேல்மண்ணின் பாரம் நேரே கீழ்ச்சுவரில் இறங்காது. சரி, கனமாக வைக்கலாமே என்றால், கனத்த சுவருக்குள் ஈரம் தங்கும். சூடு சட்டென்று ஏறினால் ஆவியாகி உடைத்துக்கொண்டு வரும். நிழலில் பல நாள் காய வேண்டும். ஆக, அகலம் என்றால் நாள் கூடும். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொறுப்பது? பழைய தாழிகள் புதைந்து கிடக்கும் ஆதிச்சநல்லூரில் முழு உடலை அடக்கிய தாழியும் உண்டு, பிறகு எலும்பை மட்டும் பொறுக்கி இட்ட தாழியும் உண்டு. எலும்புக்குச் சிறியது போதும். முழங்கால் மடக்கி உட்காரவைத்தால் ஒருவருக்கே நெருக்கடி. இவளோ இருவருக்குக் கேட்கிறாள்.

மூடியைப் பற்றியும் பேச நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. வாய் அகன்றால் மூடியும் அகலும், மேல்மண் அழுத்தி அது உடையும், அவ்வளவு சொல்லி வைக்கிறேன். 228ஆம் பாட்டில் புலவர் ஐயூர் முடவனார் இறந்துபோன சோழன் கிள்ளிவளவனுக்காக இதே குயவர் குலத்திடம், நிலமே சக்கரமாக, மலையே மண்ணாக வனைய முடியுமா என்று கேட்பார். அது புலவர் பேச்சு. இவள் கேட்டது செய்யக்கூடியது.

திருச்செந்தூர் சாலையில் போனால் ஆதிச்சநல்லூரில் இறங்குங்கள். கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வயிறு தோளாகத் திரும்பும் இடத்தைப் பாருங்கள். வணக்கம்.