ஏரியின் அடியிலிருந்து ஏசி: கார்னெல் பல்கலைக்கழகம் செய்த வேலை

(காட்சி: மலைச்சரிவில் பல்கலைக்கழகக் கட்டடங்கள். கீழே நீண்டு கிடக்கும் ஏரி.)

வணக்கம். பல்கலைக்கழகம் பசுமையாகிறது என்றால் மரக்கன்று நடுவது, பிளாஸ்டிக்கைத் தடை செய்வது, கூரையில் சோலார் தகடு வைப்பது என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். ஒரு பெரிய வளாகத்தில் மின்சாரத்தை விழுங்குகிற முக்கியமான ஒன்று கண்ணுக்கே தெரியாது. அது ஏசி. ஆய்வகங்கள், கணினி அறைகள், நூலகம் எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். சில ஆய்வகங்களுக்குப் பனிக்காலத்திலும் குளிர்ச்சி தேவை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், இத்தாக்கா என்ற ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலை மேல் வளாகம், கீழே கயூகா ஏரி. ஏரியின் நீளம் சுமார் 60 கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் 130 மீட்டருக்கும் மேல். பனியாறுகள் குடைந்து உருவாக்கிய ஏரி அது. 1990-களில் கார்னெலின் பழைய சில்லர் இயந்திரங்களை, அதாவது ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரங்களை, மாற்ற வேண்டிய நேரம் வந்தது. அவற்றில் இருந்தது ஓசோன் படலத்தை அரிக்கும் சிஎஃப்சி வாயு. புது சில்லர்களை வாங்கிப் போட்டிருக்கலாம். பொறியாளர்களின் பார்வை ஏரியின் பக்கம் போனது.

(காட்சி: ஏரியின் குறுக்குவெட்டுப் படம். மேலே சூடான அடுக்கு, அடியில் குளிர்ந்த அடுக்கு.)

ஏன் ஏரி? தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சுமார் 4 டிகிரி செல்சியஸில்தான் அது மிகவும் அடர்த்தியாக, கனமாக இருக்கும். பனிக்காலத்தில் மேற்பரப்பு நீர் குளிர்ந்து, கனம் கூடி, அடியில் இறங்குகிறது. கோடை வந்ததும் மேல் நீர் சூடாகி இலேசாகிவிடுவதால் மேலேயே மிதக்கிறது. அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் அந்த அடுக்குக்குக் கீழே அப்படியே தங்கிவிடும். மேலே ஆட்கள் நீந்திக் குளிக்கிற ஜூலை மாதத்திலும் அடியில் சுமார் 4 டிகிரிதான். அடுத்த பனிக்காலம் வந்தால் அந்தக் குளிர் மறுபடி நிரம்பிவிடும். கடும் குளிர்காலமும் ஆழமான ஏரியும் சேர்ந்து அமைந்த ஊரில்தான் இது நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, அந்தக் குளிரை மலை மேல் கொண்டு போவது எப்படி? ஏரிக்குள் சுமார் 3 கிலோமீட்டர் தூரம் ஒரு பெரிய குழாயை இறக்கி, 75 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். கரையோரக் கட்டடத்தில் வெப்பப் பரிமாற்றிகள் இருக்கின்றன. வளாகத்திலிருந்து சூடேறி இறங்கி வரும் நீர் மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு பக்கம் ஓடும், ஏரி நீர் மறுபக்கம் ஓடும். சூடான பால் டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆற்றுவோமே, அதே வேலைதான். பாலும் தண்ணீரும் கலப்பதில்லை, சூடு மட்டும் கைமாறுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஏரி நீர் மலை ஏறுவதே இல்லை. வளாகத்து நீர் மூடிய குழாய்ச் சுற்றில் ஓடுகிறது. ஒரு குழாயில் இறங்கி வரும் நீரின் எடை, இன்னொரு குழாயில் ஏறும் நீரின் எடையைச் சமன்செய்துவிடும். குழாயின் உராய்வை மட்டும் பம்ப் சமாளித்தால் போதும்.

2000-ஆம் ஆண்டு கோடையில் இது ஓடத் தொடங்கியது. செலவு சுமார் 5.8 கோடி டாலர். குளிர்ச்சிக்கு ஆகும் மின்சாரம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பக்கத்தில் உள்ள இத்தாக்கா உயர்நிலைப் பள்ளிக்கும் இதே குளிர்ச்சி போகிறது. ஏரி அடியில் வாழும் மிசிஸ் என்ற சிறிய இறால் வகை குழாய்க்குள் இழுக்கப்படாமல் இருக்க, குழாய் வாயில் விளக்கு வைத்தார்கள். அதற்கு வெளிச்சம் ஆகாது, விலகிப் போய்விடும்.

(காட்சி: ஏரியின் தென்முனை. ஆழமற்ற, கலங்கலான நீர்.)

ஆனால் ஊரில் எல்லோரும் கைதட்டவில்லை. எதிர்த்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. சூடு ஏறிய ஏரி நீர் எங்கே போகிறது? ஆழமற்ற தென்கரைப் பகுதிக்கு.

சூடு பெரிய சிக்கல் இல்லை, ஏரி அவ்வளவு பெரியது. சிக்கல் பாஸ்பரஸ். செத்த பாசியும் உயிர்களும் அடியில் படிந்து மக்கும்போது பாஸ்பரஸ் நீரில் கரைகிறது. அடியில் வெளிச்சம் இல்லாததால் அது யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. அதையே வெயில் படும் ஆழமற்ற நீரில் கொண்டுவந்து விட்டால் பாசிக்கு உரம் போட்டது போலாகிவிடும். அந்தத் தென்முனையோ ஏற்கெனவே ஓடைகள் கொண்டுவரும் வண்டலாலும் பாஸ்பரஸாலும் கெட்டுப்போனதாக மாநில அரசின் பட்டியலில் ஏறிய பகுதி. அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் நீரும் சேர்கிறது. இதில் கார்னெலின் பங்கு எவ்வளவு என்பதுதான் வாதம்.

திட்டம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, 1998 முதல், ஏரியில் அளவீடுகள் எடுத்துவந்தார்கள். 2013-இல் அனுமதியைப் புதுப்பித்தபோது மாநிலச் சுற்றுச்சூழல் துறை இன்னும் ஒரு படி போனது. ஏரி முழுவதையும் கணினி மாதிரியாக ஆராய வேண்டும், செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்றது. கார்னெல் ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால், மிச்சமான மின்சாரத்துக்கு இணையான பலன் இது. ஒரு நிறுவனத்தின் குழாயைப் பற்றி எழுந்த சந்தேகம், வயல்கள், ஓடைகள், ஊர்க் கழிவுநீர் எல்லாவற்றையும் சேர்த்து ஏரியைப் புரிந்துகொள்ளும் ஆய்வாக விரிந்தது. கேள்வி கேட்டு விடாமல் நின்ற ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

கனடாவின் டொரான்டோ நகரத்தில் 2004-இல் இதே போன்ற திட்டம் தொடங்கியபோது வேறு வழி எடுத்தார்கள். ஒன்டாரியோ ஏரியின் ஆழத்து நீரிலிருந்து குளிர்ச்சியை எடுத்துக்கொண்டு, அதே நீரை நகரின் குடிநீராக அனுப்பிவிடுகிறார்கள். ஏரிக்குத் திரும்பும் சூடான நீர் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

(காட்சி: துளையிடும் கோபுரம்.)

இத்தாக்காவில் ஏசியை விடப் பெரிய தேவை கட்டடங்களைச் சூடாக்குவது. கார்னெல் 2011-இல் நிலக்கரி எரிப்பதை நிறுத்தியது. ஆனால் அந்த இடத்துக்கு வந்தது இயற்கை எரிவாயு, அதுவும் புதைபடிவ எரிபொருள்தான். 2035-க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியேற்றும் கார்பனின் நிகர அளவு பூஜ்யம், என்று இலக்கு வைத்திருப்பதால் அதையும் விட்டாக வேண்டும். அதற்காக 2022-இல் வளாகத்திலேயே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். பூமிக்குள் இருக்கும் சூட்டையும் பாறையின் தன்மையையும் அளந்து பார்க்கும் சோதனைத் துளை அது. வெந்நீர் எடுக்க வேண்டுமென்றால், தண்ணீரை உள்ளே விட ஒரு கிணறும் சூடான நீரை மேலே கொண்டுவர இன்னொரு கிணறும் வேண்டும். துளையிடும் முன்பே சுற்றுவட்டாரத்தில் நில அதிர்வுக் கருவிகளை வைத்துவிட்டார்கள். பிற்பாடு நிலம் அசைந்தால், அது இயல்பானதா, கிணற்றால் வந்ததா என்று ஒப்பிட்டுச் சொல்ல முந்தைய பதிவுகள் கையில் இருக்கும்.